கிளினிக் கம்ப்யூட்டர் திறக்கவில்லை

செப்டம்பர் 3

மருமகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இரண்டு மாதமாக நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. யார் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போது வேலை இருக்கிறது.

கிளினிக் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. புதுப்பிப்பு வந்திருக்கிறது, போடவா என்று ஒரு வாரமாகக் கேட்டு உயிரை வாங்கியது. நேற்று மதியம் போடு என்றேன். அரைமணி நேரம் ஓடியது. கர்னல் என்ற சொல் திரையில் போனதைப் பார்த்தேன். நடுவில் எதிலோ இடம் போதவில்லை என்று ஒரு வரி வந்தது, மூடிவிட்டேன். அணைத்துப் போடச் சொன்னது, போட்டேன். வழக்கமாகக் கடவுச்சொல் கேட்கும் கட்டம் வரவேயில்லை. கறுப்புத் திரை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "டிஸ்க்குக்காகக் காத்திருந்து அலுத்துவிட்டேன், அப்படி ஒரு டிஸ்க்கே இல்லை" என்று ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதியது. அதற்குக் கீழே ஒரு கோடு மினுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நான்கு வரியையும் எழுத்து பிசகாமல் போனில் தட்டித் தனியாக அனுப்புகிறேன்.

கடவுச்சொல் இல்லாமல் டிஸ்க்கை யாரும் படிக்க முடியாதபடி நீ பூட்டுப் போடாமல் இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சரி, அது போகட்டும்.

அவசரம் எதற்கென்று சொல்கிறேன். வயலின் டீச்சரை உனக்குத் தெரியும், அவரிடம் ஒன்பது வயதுப் பழுப்பு நாய் ஒன்று இருந்தது. ஆகஸ்ட் ஆறாம் தேதி பல் எடுக்கக் கொண்டுவந்தார். மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் அமைதிப்படுத்த ஓர் ஊசி போடுவோம். போட்ட பத்தாவது நிமிடம் வலிப்பு வந்தது. நாற்பது நிமிடம் போராடினோம், போய்விட்டது. அந்த மருந்து அதற்கு ஒத்துக்கொள்ளாது என்று முன்பே போனில் சொல்லியிருந்தாராம். கால்நடை மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறார். பதினெட்டாம் தேதி விசாரணை.

யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நினைவிருக்கும். இருபத்தாறு வருடமாக, எந்த நாய்க்கு எது ஆகாது என்பது என் தலைக்குள் இருக்கிறது. ஒருவேளை நர்ஸம்மா போனை எடுத்துவிட்டு எழுத மறந்திருக்கலாம். எப்படியும் பதிவைத் திறந்து காட்டினால் விஷயம் முடிந்துவிடும். அதற்குக் கம்ப்யூட்டர் திறக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுது. செய்துவிடுவேன்.

அத்தை


செப்டம்பர் 4

அத்தைக்கு,

உங்க கடிதம் காலையில வந்துச்சு. நான் வேலை பாக்குற கப்பல்ல சாட்டிலைட் வழியா நாளைக்கு ரெண்டு தடவைதான் ஈமெயில் தபால் ஏறும் இறங்கும், அதுவும் வெறும் எழுத்து மட்டும். போன், படம் எதுவும் கிடையாது. அதனால நீங்க கண்ணால பாக்குறதை எல்லாம் எழுத்தால எனக்குக் காட்டணும். இந்த நாலு வரியை அப்படியே தட்டி அனுப்புனீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது. இங்க என்கூட வேலை செய்யுற இன்ஜினியர்களே "ஏதோ எர்ரர் வந்துச்சு"ன்னுதான் சொல்லுவாங்க.

நாய் விஷயம் கேட்டு மனசு கஷ்டமா இருக்கு. என் மடியில தலையை வெச்சுத் தூங்கினவன் அவன்.

முதல்ல ஒண்ணு. டிஸ்க் நல்லா இருக்கு. அதுல இருக்குற எதுவும் போகல. கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது முதல்ல ஒரு சின்னத் தொடக்கக் கோப்பைப் படிக்கும். பூட்டைத் திறக்குற சாமானெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். உங்ககிட்ட கடவுச்சொல் கேக்குறதும் அதுதான். கர்னல்னா கம்ப்யூட்டரை ஓட்டுற மூல புரோகிராம், ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் இந்தக் கோப்பு புதுசா ஒண்ணு செய்யணும். அதை வைக்குற இடம் ரொம்பச் சின்னது. பழசெல்லாம் சேர்ந்து அடைச்சுக்கிட்டதால புதுசு அரைகுறையா நின்னுபோச்சு. நீங்க மூடிவிட்ட அந்த வரி அதைத்தான் சொல்லியிருக்கு.

பூட்டு ஏன் போட்டேன்னு மறந்துட்டீங்களா? மூணு வருஷம் முன்னாடி கிளினிக்ல கம்ப்யூட்டர் திருடு போச்சு. பதிவையெல்லாம் பேக்கப்புல இருந்து மீட்டுட்டோம், ஆனா யார் யார் ஊருக்குப் போறாங்க, எந்தத் தேதியில நாயை நம்மகிட்ட விட்டுட்டுப் போறாங்கன்னு அதுல பட்டியல் இருந்துச்சு. அடுத்த மாசம் பட்டியல்ல இருந்த ரெண்டு வீட்டுல திருட்டு. அவங்க முகத்தைப் பார்த்துட்டு வந்து "இனிமே இதை எவனும் படிக்கக் கூடாது"ன்னு சொன்னது நீங்கதான்.

இப்ப செய்ய வேண்டியது சுலபம். கம்ப்யூட்டரைப் போட்டதும் ஷிப்ட் பொத்தானைப் பிடிச்சுக்கிட்டே இருங்க. ஒரு பட்டியல் வரும். ரெண்டாவது வரிக்குள்ள போனா பழசும் புதுசுமா கர்னல்கள் இருக்கும், மூணு நிச்சயம் இருக்கும். புதுசுக்கு அடுத்ததை எடுங்க. கடவுச்சொல் கேக்கும், திறந்துடும்.

பேக்கப் டிஸ்க் சொருகித்தானே இருக்கு? இது வேலை செய்யலைன்னாலும் அதுல இருந்து எடுத்துடலாம்.

உங்க மருமகள்


செப்டம்பர் 5

மருமகளுக்கு,

ஷிப்ட் பிடித்தேன். பட்டியல் வந்தது. உள்ளே போனேன். ஒரே ஒரு கர்னல்தான் இருக்கிறது, புதியது. அதற்கடுத்து ஒன்றும் இல்லை. அதையே எடுத்துப் பார்த்தேன், அதே கறுப்புத் திரை. மூன்று இருக்கும் என்று நீ நிச்சயமாக எழுதியிருக்கிறாய். நான் நிச்சயமாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், ஒன்றுதான்.

பேக்கப் டிஸ்க் சொருகியில்லை. நீ புறப்படுவதற்கு முந்தின நாள் அத்தனை பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில், ரோமம் வெட்டும் மெஷினுக்குச் சார்ஜ் போட அதைப் பிடுங்கியிருந்ததற்காக என்னைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிற்க வைத்துக் கேட்டாயே, நீ போன மறுநாள் மறுபடி பிடுங்கினேன். மறந்து அல்ல, வேண்டுமென்றே. ஜூலை மூன்றோடு நின்றிருக்கிறது. இதை நீ சொல்லிக் காட்டலாம், ஆனால் பதினெட்டாம் தேதிக்குப் பிறகு.

நர்ஸம்மா இன்று வரவில்லை. நேற்று அவளிடம் கேட்டேன். "போனை நீதானே எடுத்திருப்பாய்?" என்றேன். "நான் எடுத்திருந்தா எழுதியிருப்பேன் டாக்டர்," என்றாள். "பதினோரு வருஷத்துல எதையாவது எழுதாம விட்டிருக்கேனா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மாலையில் துண்டுகளை எல்லாம் மடித்து அடுக்கிவிட்டு, சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் ஒருத்தியாக இன்று பதினேழு பேரைப் பார்த்தேன். ஒரு பூனை என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. இடது கை ஆள்காட்டி விரலால் இதைத் தட்டுகிறேன்.

அடுத்து என்ன?

அத்தை


செப்டம்பர் 6

அத்தைக்கு,

கட்டைவிரலுக்கு ஊசி போட்டுக்கிட்டீங்களா? மத்தவங்களைக் கேப்பீங்க, உங்களுக்குப் போட்டுக்க மாட்டீங்க.

பேக்கப்பைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. அன்னைக்குக் கூடத்துல வெச்சுக் கேட்டிருக்கக் கூடாது, உள்ளே கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். அது என் தப்புதான். ஆனா அதுக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? "ரிப்பேர்னா உன்னைக் கூப்பிடறேன், மத்ததுல தலையிடாதே." கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகுது அத்தை. ஒரு மாசத்துக்கு மேல என்னால அந்த வார்த்தையை முழுங்க முடியல. இப்ப உங்க கடிதம் வந்ததும் முதல்ல தோணினது என்ன தெரியுமா? ரிப்பேர், அதான் கூப்பிடுறாங்க.

சரி, வேலை.

கர்னல் தானா காணாமப் போகாது. அந்தச் சின்ன இடத்துக்குப் பூட்டு கிடையாது, யாரோ அதுல கை வெச்சு அழிச்சிருக்காங்க. நர்ஸம்மா இதையெல்லாம் தொட மாட்டாங்க, அவங்களை விட்டா கிளினிக் சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. ஒருத்தர் நீங்க. இன்னொருத்தர்கிட்ட, அதான் உங்க பிள்ளைகிட்ட, சாப்பாட்டு நேரத்துல கேளுங்க, வாயில சோறு இருக்கும்போது அவருக்குப் பொய் வராது.

தெர்மாமீட்டர் இருக்குற இழுப்பறையில ஒரு மஞ்சள் பென்டிரைவ் வெச்சிருக்கேன். அதுல ஒரு முழு இயக்க முறையே இருக்கு. சொருகிட்டு எஃப் பன்னிரண்டு பொத்தானைத் தட்டிக்கிட்டே கம்ப்யூட்டரைப் போடுங்க, பென்டிரைவைத் தேர்ந்தெடுங்க. நிறுவவான்னு கேக்கும். வேண்டாம், சும்மா பாக்குறேன்னு சொல்லுங்க. நிறுவச் சொன்னா டிஸ்க்கைத் துடைச்சிடும். இதை ரெண்டு தடவை படிங்க. திறந்ததும் இடது பக்கம் உங்க டிஸ்க் பூட்டுப் படத்தோட தெரியும். அழுத்தி, கடவுச்சொல்லைக் குடுங்க.

கடவுச்சொல் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு எழுதிடாதீங்க.

உங்க மருமகள்


செப்டம்பர் 8

மருமகளுக்கு,

உன் வீட்டுக்காரன் ஒப்புக்கொண்டான். முதல் நாள் மாலை, நான் ஒரு கன்றுக்குட்டியைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் வந்து, இடம் போதவில்லை என்றால் பழையதை அழிக்கலாம் என்று எங்கேயோ படித்துவிட்டு, அதே மஞ்சள் பென்டிரைவ் வழியாகப் போய் அழித்திருக்கிறான். "உதவி செய்யலாம்னு பார்த்தேன்மா," என்கிறான். புவியியல் பாடம் எடுக்கிறவனுக்குக் கர்னலில் என்ன வேலை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான். இத்தனை நாள் நான் தலையைப் பிய்த்துக்கொண்டபோது வாயைத் திறக்கவில்லை பார்.

பென்டிரைவ் வேலை செய்தது. சும்மா பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன். டிஸ்க் தெரிந்தது. பூட்டுப் படமும் தெரிந்தது. கடவுச்சொல் போட்டேன். தவறு என்றது. பதினோரு முறை போட்டேன். நான் என் கடவுச்சொல்லை மறக்கவில்லை. மூன்று வருடமாகத் தினமும் காலையில் அடிப்பது, விரலே அடிக்கும்.

கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டிவந்தேன். ஐந்து நிமிடம் பார்த்தார். "இது போச்சு டாக்டர். பூட்டு கெட்டுப்போனா கடவுளே வந்தாலும் திறக்க முடியாது. அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுத் தர்றேன், ஒரு மணி நேரம்," என்றார். விசாரணை இருக்கிறது, பதிவு வேண்டும் என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதுக்கும் இது நல்லதுதானே? கம்ப்யூட்டர் போச்சுன்னு நான் எழுதித் தர்றேன். பதிவு இல்லேன்னா அவங்க எதை வெச்சு உங்களைக் கேப்பாங்க?" என்றார்.

கதவைக் காட்டினேன். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

பூட்டு கெட்டுப்போனதா? நேராகச் சொல். எனக்குக் கெட்ட செய்தியைச் சுற்றி வளைத்துச் சொன்னால் பிடிக்காது.

நீ எழுதிய மற்றதையும் படித்தேன். அந்த வார்த்தை நினைவிருக்கிறது. சொன்ன உடனேயே தவறென்று தெரிந்தது. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அத்தை


செப்டம்பர் 9

அத்தைக்கு,

பூட்டு கெடல. கெட்டிருந்தா டிஸ்க்கைப் பூட்டுப் படத்தோட காட்டியே இருக்காது. பதினோரு தடவை இல்ல, ஆயிரம் தடவை தப்பாப் போட்டாலும் அது கோவிச்சுக்காது. அந்தக் கடைக்காரர் திரும்ப வந்தா வாசலோட அனுப்பிடுங்க.

உங்க விரல் சரியா அடிக்குது, பென்டிரைவ் தப்பாப் படிக்குது. கீபோர்டுக்கு நாட்டுக்கு நாடு வேற வேற அமைப்பு உண்டு. எழுத்தெல்லாம் ஒண்ணுதான், குறிகள் மட்டும் இடம் மாறும். பென்டிரைவ்ல வேற அமைப்பு இருக்கு. கடவுச்சொல்லுல ஏதாவது குறி இருந்தா நீங்க ஒண்ணு அடிக்க அது வேற ஒண்ணா விழும். கட்டத்துல புள்ளி புள்ளியாத் தெரியுறதால உங்களுக்கு அது தெரியாது. முதல்ல வெறும் எழுதுற பக்கத்தைத் திறந்து கடவுச்சொல்லை அதுல அடிச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியும். மேல வலது மூலையில அமைப்பை மாத்தி மறுபடி அடிங்க. சரியா விழுந்ததும் அந்தப் பக்கத்தைச் சேமிக்காம மூடிட்டு, அப்புறம் டிஸ்க்கைத் திறங்க.

திறந்ததும் உடனே பதிவுகள் இருக்குற ஃபோல்டரை அப்படியே பேக்கப் டிஸ்க்குல காப்பி எடுங்க. கிளினிக் புரோகிராம் இல்லாம அதைப் படிக்க முடியாது, ஆனா பத்திரமா இருக்கும். அதுக்கப்புறம்தான் தொடக்கக் கோப்பைப் புதுசா செய்யணும். அதுக்கு ஏழு வரி. தனியா அனுப்புறேன். எழுத்துக்கு எழுத்து அடிங்க, இடைவெளிகூட முக்கியம். ஒவ்வொரு வரிக்கும் அது என்ன பதில் சொல்லுதுன்னு ஒரு காகிதத்துல எழுதி வையுங்க.

ஜன்னல்ல நின்னீங்கன்னு எனக்குத் தெரியும். ஆட்டோ கண்ணாடியில பார்த்தேன். நானும் இறங்கி வந்திருக்கலாம்.

உங்க மருமகள்


செப்டம்பர் 10

மருமகளுக்கு,

திறந்தது! குறிதான் காரணம். அந்த எழுதும் பக்கத்தில் என் கடவுச்சொல் கன்னாபின்னாவென்று விழுந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு முறை நான் எதை அடித்தேன் என்று கடவுளுக்கே தெரியாது. காப்பி எடுத்தேன், நாற்பத்தைந்து நிமிடம் ஆனது, எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். பேக்கப் டிஸ்க் இப்போது இரும்பு அலமாரியில் இருக்கிறது.

பிறகு உன் ஏழு வரி. உன் வீட்டுக்காரன் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். அவனை வேறு எதையும் தொட விடவில்லை. ஆறாவது வரியில் இரண்டு நிமிடம் ஓடியது, முடிந்தது. அணைத்துப் போட்டேன்.

அதே கறுப்புத் திரை. அதே நான்கு வரி.

எனக்கு வந்த கோபத்தில் மேசையில் இருந்த ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கி எறிந்தேன். உன் வீட்டுக்காரன் அதைப் பிடித்துவிட்டான், அவன் பிடித்த ஒரே கேட்ச்.

நான் அடித்ததில் பிழை இல்லை, மூன்று முறை ஒப்பிட்டாயிற்று. ஆறாவது வரிக்குப் பதிலாக அது ஓர் எச்சரிக்கை சொன்னது, காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன், தனியாகத் தட்டி அனுப்புகிறேன். எதுவோ ஒரு பெயர் கிடைக்கவில்லை என்கிறது.

எட்டு நாள் இருக்கிறது.

அத்தை


செப்டம்பர் 13

அத்தைக்கு,

மூணு நாள் பதில் இல்லைன்னு என்னைத் திட்டியிருப்பீங்க. மேல ஆன்டெனா காத்துல திரும்பிடுச்சு, இன்னைக்கு மதியம்தான் தபால் ஏறுது.

தப்பு என்னோடது. உங்க எச்சரிக்கை வரியைப் படிச்ச உடனே புரிஞ்சுது.

பூட்டுன டிஸ்க்கைத் திறக்கும்போது அதுக்கு ஒரு பெயர் வெக்கணும். எந்தப் பெயர்ல திறக்கணும்னு உங்க கம்ப்யூட்டர் தன் பட்டியல்ல எழுதி வெச்சிருக்கு. நீங்க மவுஸால அழுத்தித் திறந்தீங்க, நான்தான் அப்படிச் சொன்னேன். அதனால பென்டிரைவ் அதுவா நீளமா வேற ஒரு பெயரை வெச்சிடுச்சு. தொடக்கக் கோப்பைச் செய்யுற புரோகிராம் பட்டியலைப் பார்த்துச்சு, அந்தப் பெயர்ல எதுவும் திறந்திருக்கல. சரி, இங்க பூட்டே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு, பூட்டைத் திறக்குற சாமானை உள்ளே வைக்காமலே செஞ்சு முடிச்சிடுச்சு. நான் முதல்லயே பட்டியலைப் படிக்கச் சொல்லி, அதே பெயர்ல திறக்கச் சொல்லியிருக்கணும். தெரிஞ்ச விஷயம். நிதானமா யோசிக்காம, எனக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு எழுதிட்டேன். உங்க மூணு நாள் வீணாப்போச்சு, மன்னிச்சுக்குங்க.

இப்ப ஒன்பது வரி அனுப்புறேன். முதல் வரி பட்டியலைக் காட்டும். அதுல இருக்குற பெயரை ரெண்டாவது வரியில நான் கோடு போட்டிருக்குற இடத்துல அடிங்க. மவுஸைத் தொடாதீங்க. எட்டாவது வரிக்கு எச்சரிக்கை வரக் கூடாது. வந்தா நிறுத்துங்க. வரலைன்னா அணைச்சுப் போடுங்க. கட்டம் வரும்.

உங்க மருமகள்


செப்டம்பர் 14

மருமகளுக்கு,

எச்சரிக்கை வரவில்லை. கட்டம் வந்தது. கடவுச்சொல் போட்டேன், திறந்தது. உன் வீட்டுக்காரன் கைதட்டினான். காலை பத்தே கால். அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கதவில் "இடைவேளை" பலகையை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

வயலின் டீச்சரின் நாயைத் தேடி எடுத்தேன். ஜூலை இருபது, மாலை நான்கு மணி. "போன். உரிமையாளர். சென்ற வருடம் வேறு கிளினிக்கில் அமைதிப்படுத்தும் ஊசி, வலிப்பு. கொடுக்கக் கூடாது. வேறு மருந்து." கீழே என் பெயரின் முதல் எழுத்து. என் சுருக்கெழுத்து, என் புள்ளிகள். அன்றைய நர்ஸம்மாவின் பக்கத்தைப் பார்த்தேன், விடுப்பு.

போனை எடுத்தது நான். எழுதியதும் நான். ஆகஸ்ட் ஆறாம் தேதி அந்தப் பக்கத்தைத் திறக்காமல் ஊசியை ஏற்றியதும் நான். தலைக்குள் இருக்கிறது என்று திறக்கவில்லை.

உட்கார்ந்து யோசித்தேன். அந்தப் போன் இப்போதுகூட எனக்கு நினைவில் இல்லை. ஒரு துளிகூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

வெளியே ஆள் காத்திருந்தார்கள், பார்த்து அனுப்பினேன். உன் வீட்டுக்காரன் மாலையில் வந்து, "கிடைச்சுதாம்மா?" என்றான். "இன்னும் பார்க்கவில்லை," என்றேன். அவனிடம் நான் பொய் சொல்லி எத்தனை வருடம் ஆகிறது தெரியாது.

ஒன்று கேட்கிறேன். தொழில்நுட்பமாக மட்டும் பதில் சொல். அந்த வரிக்குப் பக்கத்தில் நீக்கும் பொத்தான் இருக்கிறது. நீக்கினால் பிறகு யாருக்காவது தெரியுமா?

அத்தை


செப்டம்பர் 15

அத்தைக்கு,

தெரியாது.

அந்தப் புரோகிராம் நீக்கினதைக் குறிச்சு வைக்காது. பத்தாம் தேதி எடுத்த காப்பியிலயும் அந்த வரி இருக்கும், இரும்பு அலமாரியில இருக்குறது. அதுலயும் நீக்கணும். ரெண்டுலயும் நீக்கிட்டா என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், உங்க பிள்ளைகிட்டகூட. இது சத்தியம்.

நீங்க கேட்டதுக்குப் பதில் இது. கேக்காததுக்கு நான் பதில் சொல்லல. உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

நாய் என் மடியில தூங்கினவன்னு முதல் கடிதத்துல எழுதினேன். உங்க மேல கோபத்துல எழுதல, இப்பவும் கோபம் இல்ல. பத்தாவது நிமிஷத்துல இருந்து நாற்பது நிமிஷம் நீங்க எப்படிப் போராடியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்.

சாப்பிடுங்க. ரெண்டு நாளா சாப்பிட்டிருக்க மாட்டீங்க.

உங்க மருமகள்


செப்டம்பர் 19

மருமகளுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு அந்தப் பக்கத்தை இரண்டு பிரதி அச்செடுத்தேன்.

முதல் பிரதியை நர்ஸம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாடிப்படி ஏறும்போது, என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தாள். காகிதத்தை நீட்டினேன். படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"உங்க கையெழுத்து மாதிரியே டைப் அடிக்கிறீங்க டாக்டர்," என்றாள்.

"உன்மேல் பழி போட்டேன். மன்னித்துக்கொள்," என்றேன்.

"போட்டதுகூடப் பரவாயில்ல. நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல. அதுதான்," என்றாள். உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. "வேலைக்கு வர்றதைப் பத்தி யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் எனக்குத் தெரிந்தவர்கள், ஒருவர் கிளினிக்கில் பயிற்சிக்கு வந்து என்னிடம் படித்தவர். எனக்குச் சாதகமாகவே ஆரம்பித்தார்கள். "தகவல் வரவில்லை என்பதுதானே டாக்டர் உங்கள் நிலை?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குக் கதவைத் திறந்து வைத்தார்கள். எழுந்து நின்று, "தகவல் வந்தது. எனக்குத்தான் வந்தது. நானே எழுதியும் வைத்தேன். பார்க்காமல் ஊசி போட்டேன்," என்று சொல்லி இரண்டாவது பிரதியை மேசையில் வைத்தேன். உனக்குச் சொல்கிறேன், இருபத்தாறு வருடத்தில் நான் இவ்வளவு நிச்சயமாகச் சொன்ன வார்த்தைகள் குறைவு.

மூன்று மாதம் நான் அறுவை சிகிச்சை செய்யக் கூடாது. எழுத்தில் கண்டிப்பு. என்னிடம் படித்தவர் தீர்ப்பை வாசிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. சரியான தீர்ப்பு, இன்னும் கூடக் கொடுத்திருக்கலாம்.

வெளியே தாழ்வாரத்தில் வயலின் டீச்சர் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன், வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன்.

"நான் சொன்னேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு டாக்டர்," என்றார். "எல்லாரும் அப்படிக் கேட்டாங்க. நான்தான் சொல்ல மறந்து அவனைக் கொன்னுட்டேனோன்னு ஒன்றரை மாசம் தூங்கல."

அதை நான் யோசிக்கவேயில்லை. என்னைப் பற்றி யோசித்தேன், நர்ஸம்மாவைப் பற்றி யோசித்தேன், இந்தப் பெண் தன்மேலேயே பழி போட்டுக்கொண்டு கிடப்பாள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. "நீங்கள் சொன்னீர்கள். தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். தவறு முழுக்க என்னுடையது," என்றேன். அவர் அழுதார். நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

போகும்போது, "அவனோட மத்தப் பக்கமெல்லாம் இருக்கா?" என்று கேட்டார். "குட்டியா இருக்கும்போது எடை போட்டு எழுதுவீங்களே, அதெல்லாம்."

இருக்கிறது. மொத்தம் பதினான்கு பக்கம். இரண்டு மாதக் குட்டியாக மேசைமேல் நின்றபோது மூன்று கிலோ இருநூறு. அடுத்த மாதம் ஐந்து. பட்டாசுச் சத்தத்துக்குப் பயம். ஒருமுறை காலுறை ஒன்றை விழுங்கிவிட்டு வந்திருக்கிறான். எல்லாவற்றையும் அச்செடுத்து, ஓரம் தைத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை எட்டு மணிக்கு அவர் வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.

அத்தை